ஏஐ வந்தால் விமானிக்கு வேலை இருக்குமா?

கேள்வி: விமானி பயிற்சியில் சேர இருக்கிறேன். ஏஐ வந்ததும் இந்த வேலையே இருக்காது என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள். உண்மையா?

வேலை இருக்கும். வலது பக்கச் சீட் இருக்குமா என்பதுதான் சந்தேகம். என்னைக் கேட்டால், யோசிக்க வேண்டியது அதைத்தான்.

காக்பிட்டில் இடது பக்கம் கேப்டன், வலது பக்கம் கோ-பைலட். ஒரு காலத்தில் நேவிகேட்டர், ரேடியோ ஆபரேட்டர், ஃப்ளைட் இன்ஜினியர் எல்லாம் சேர்த்து ஐந்து பேர் வரை இருந்தார்கள். கருவிகள் தேறத் தேற ஒவ்வொருவராக இறக்கிவிட்டார்கள். 1980களில் போயிங் 757, 767 வந்தபோது இன்ஜினியருக்கும் இடமில்லை. நீண்ட பயணங்களில் நடுவானில் ஒருவர் மட்டும் இருந்தால் போதாதா, மற்றவர் தூங்கட்டுமே என்ற பேச்சு சில வருடங்களாக ஓடுகிறது. ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை இதை ஆராய்ந்துவிட்டு, இருவர் இருக்கும்போது கிடைக்கிற பாதுகாப்பை இன்றைய காக்பிட்டில் ஒருவரை வைத்து நிரூபிக்க முடியாது என்று 2025இல் சொன்னது. இப்போதைக்குத் தள்ளிப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

"ஆட்டோபைலட்தானே ஓட்டுகிறது?" என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது. ஆட்டோபைலட் 1914லேயே வந்துவிட்டது. 1965இல் பயணிகளோடு போன ஒரு டிரைடன்ட் விமானம் தானாகவே தரை தொட்டது. ஆனால் இவை எதையும் கற்றுக்கொள்வதில்லை. கொடுத்த கட்டளையைச் செய்யும், கணக்கு குழம்பினால் கழன்றுகொள்ளும். ஏஐ வேறு ரகம். 2019 டிசம்பரில் ஏர்பஸ் ஒரு ஏ350 விமானத்தை, கேமரா ரன்வேயைப் பார்த்தே தானாக மேலெழும்ப வைத்துக் காட்டியது. ஆக, செய்ய முடியுமா என்பது பிரச்சினை இல்லை. படங்களைப் பார்த்துப் பழகிய மென்பொருள் ஏன் ஒரு முடிவை எடுத்தது என்பதை வரிக்கு வரி காட்ட முடியாது. பயணிகள் விமானத்துக்குச் சான்றிதழ் கொடுப்பவர்கள் கேட்பதோ அதைத்தான்.

உதவியாக வந்தால் நான் இரு கை நீட்டி வரவேற்பேன். கிளம்பும் முன் எங்களிடம் நோட்டாம் என்று ஒரு கட்டு அறிவிப்பு வரும். சுருக்கெழுத்தில் பக்கம் பக்கமாக இருக்கும், அதில் உயிர் போகிற விஷயம் ஒரே வரியில் ஒளிந்திருக்கும். 2017 ஜூலையில் சான் பிரான்சிஸ்கோவில் ஏர் கனடா விமானம் ஒன்று, ரன்வே என்று நினைத்து, நான்கு விமானங்கள் வரிசையில் நின்ற டாக்ஸிவேயை (ரன்வேக்குப் போகக் காத்திருக்கும் பாதையை) நோக்கி நூறு அடிக்கும் கீழே இறங்கி, கடைசி நொடியில் மேலேறியது. பக்கத்து ரன்வே மூடியிருந்த செய்தி அந்தக் கட்டுக்குள் இருந்தது; விமானிகள் மனதில் நிற்காததால், திறந்திருந்த ரன்வேயையே அந்தப் பக்கத்து ரன்வே என்று எண்ணிவிட்டார்கள். அந்த ஒரு வரியைப் பொறுக்கி முன்னால் வைக்கிற வேலையை ஏஐ தாராளமாகச் செய்யட்டும்.

ஆனால் நான் தொழில் கற்றது வலது சீட்டில்தான். ரேடாரில் சிவப்பாக ஒரு இடிமேகம். இடப்பக்கம் சுற்றினால் தூரம் குறைவு. ஆனால் காற்று போகிற திசையும் அதுதான். அந்தப் பக்கம் ஆலங்கட்டி இருக்கலாம். எரிபொருள் கொஞ்சம் கூடச் செலவானாலும் சரி என்று கேப்டன் வலப்பக்கம் திருப்புவார். பக்கத்தில் உட்கார்ந்து வருடக்கணக்கில் இதைப் பார்த்தவர்தான் பிறகு கேப்டன் ஆகிறார். அந்த நாற்காலியை எடுத்துவிட்டால் அடுத்த தலைமுறை கேப்டன் எங்கிருந்து வருவார்? இதற்கு இதுவரை ஒருவரும் எனக்கு உருப்படியான பதில் சொன்னதில்லை.

மனிதன் இருந்தால் போதும் என்றும் நான் சொல்லவில்லை. 2009இல் ஏர் பிரான்ஸ் 447இல் வேகம் அளக்கும் குழாய்கள் பனியில் அடைத்து, ஆட்டோபைலட் விலகிக்கொண்டது. விமானத்தில் கோளாறு சிறியது; திடீரெனக் கைக்கு வந்ததைச் சமாளிக்க முடியாமல் 228 பேர் இறந்தார்கள். ஏஐ இன்னும் நன்றாக ஓட்ட ஓட்ட, நம் கை இன்னும் மரத்துப்போகும். அதனால் வேலைக்கு வந்தபின், விதி அனுமதிக்கும்போதெல்லாம் ஆட்டோபைலட்டை அணைத்துக் கையால் ஓட்டிப் பழகுங்கள். சில கேப்டன்கள் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

அப்புறம், பயிற்சிக்குப் பணம் கட்டும் முன் முதல் வகுப்பு மெடிக்கலை, அதாவது விமானிகளுக்கான உடல்தகுதிப் பரிசோதனையை, முடித்துவிடுங்கள். ஏஐ உங்கள் வேலையைத் தொட வருடங்கள் ஆகும். மெடிக்கலில் தவறினால் அன்றைக்கே கதை முடிந்தது.