முதல் அடியை விட மனசில்லாத ட்ரம்மர்

கேள்வி: நாங்கள் நான்கு பேர் சேர்ந்து பல வருடங்களாக ராக் வாசிக்கிறோம். நான் கிட்டார். பாடுபவரே கீபோர்டும் பார்த்துக்கொள்வார். கொஞ்ச நாளாக எனக்கு ஜமைக்காவின் ரெகே இசை மேல் ஒரே பைத்தியம். இரண்டு பாட்டாவது சேர்த்துக்கொள்ளலாம் என்றேன்; எல்லோரும் சரி என்றார்கள். ஆனால் ஒத்திகையில் எதை எடுத்தாலும் வேகம் குறைத்த ராக் மாதிரிதான் வருகிறது. பேஸ் கிட்டார் வாசிப்பவர் கொஞ்சம் இடம் கிடைத்தால் போதும், நிரப்பிவிடுகிறார். ட்ரம்மர் எவ்வளவு சொன்னாலும் முதல் அடியில் கிக்கை, அதாவது காலால் அடிக்கும் பெரிய ட்ரம்மை, போட்டுவிடுகிறார். அவர் எங்களில் மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். போன ஒத்திகையில் நாலைந்து தடவை நிறுத்தித் திருத்தினேன். "அப்போ நீயே வாசிச்சுக்கோ" என்று குச்சியை வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். இவர்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது? இல்லை, இந்த ஆசையை விட்டுவிடலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: ஆசையை விட வேண்டாம். உங்கள் அண்ணனிடமிருந்து தொடங்குவோம்.

அடுத்த ஒத்திகைக்கு முன்னால் அவரைத் தனியாகப் பார்த்துப் பேசுங்கள். மற்றவர்கள் முன்னால் நிறுத்தி நிறுத்தித் திருத்தியது அவருக்கு வலித்திருக்கும். அதோடு இதையும் யோசித்துப் பாருங்கள். ராக்கில் ட்ரம்மரின் முதல் கடமையே அந்த முதல் அடியை ஊன்றிக் கொடுப்பதுதான். பாட்டில் யார் தடுமாறினாலும் அந்தக் கிக்கைக் கேட்டுத்தான் திரும்பி வந்து சேருவார்கள். இத்தனை வருடம் உங்கள் எல்லோரையும் தாங்கிய கால் அது. அதைத் தூக்கச் சொல்கிறீர்கள். தூக்கிய பிறகு எதைப் பிடித்துக்கொள்வது என்று சொல்லவில்லை. கால் தானாகப் பழைய இடத்துக்குப் போகத்தான் செய்யும். அதில் பிடிவாதம் எதுவும் இல்லை.

"அண்ணே, அன்னைக்கு நான் நிறுத்திக்கிட்டே இருந்தது தப்புதான். இது ட்ரம்ஸை வச்சு நிக்கிற இசை. நீங்க முதல்ல கேட்டுட்டு எங்களுக்குச் சொல்லுங்க" என்று கேட்டுப் பாருங்கள். சமாதானத்துக்காகச் சொல்கிற பேச்சு இல்லை இது, உண்மையே அதுதான். ரெகேயைக் கட்டியவர்களில் முன்வரிசையில் நிற்பவர்கள் ட்ரம்மர்களும் பேஸ் வாசித்தவர்களும். பாப் மார்லியோடு வாசித்த கார்ல்டன் பாரெட் ட்ரம்ஸ், அவருடைய அண்ணன் ஆஸ்டன் பாரெட் பேஸ். அடுத்த கட்டத்தில் ஸ்லை டன்பாரும் ராபி ஷேக்ஸ்பியரும், அதே மாதிரி ட்ரம்ஸும் பேஸும். உங்கள் பேண்டிலும் இந்தப் பொறுப்பு அந்த இருவர் கையில் இருந்தால்தான் பாட்டு நிற்கும். கிட்டார் வாசிக்கிறவர் வழிநடத்துகிற இசை இல்லை இது.

அடுத்தது எண்ணிக்கை. உங்கள் சிக்கலில் பாதி இதில் இருக்கும் என்று நினைக்கிறேன். ஒரே ரெகே பாட்டை இரண்டு விதமாக எண்ணலாம். ஒருவர் நிமிடத்துக்கு 75 அடி என்று மெதுவாக எண்ணுவார், இன்னொருவர் அதையே 150 என்று எண்ணுவார். நான்கு நான்கு அடியாக எண்ணிக்கொண்டு போனால், வேகமான எண்ணிக்கையில் கனமான அடி 3-இல் விழும்; மெதுவான எண்ணிக்கையில் அதே அடி 2-இலும் 4-இலும் விழும். இரண்டுமே சரி, இசைக்காரர்களுக்குள்ளேயே இதில் ஒத்த கருத்து கிடையாது. ஆனால் நீங்கள் ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு "மூணுல அடிங்க" என்று சொல்லி, அவர் இன்னொன்றை எண்ணிக்கொண்டிருந்தால், எத்தனை தடவை நிறுத்தினாலும் பலன் இல்லை. வாத்தியத்தைத் தொடுவதற்கு முன்னால் நாலு பேரும் சேர்ந்து ஒரு பாட்டைப் போட்டு, கை தட்டி, எந்த எண்ணிக்கை என்று முடிவு செய்துகொள்ளுங்கள். இந்தப் பதிலில் நான் வேகமான எண்ணிக்கையையே வைத்துக்கொள்கிறேன்.

நீங்கள் கேட்பது ஒன் டிராப் என்ற தாளம். 1-இல், அதாவது சமத்தில், ஹைஹாட் என்ற ஜோடித் தட்டு மட்டும் மெல்ல ஒலிக்கும், கிக் கிடையாது. 3-இல் கிக்கும், குச்சியால் அடிக்கும் சின்ன ட்ரம்மான ஸ்நேரும் ஒன்றாக விழும். அந்த ஸ்நேரைப் பெரும்பாலும் குச்சியைப் படுக்கவைத்து விளிம்பில் தட்டுவார்கள். 2-இலும் 4-இலும் கிட்டார் வெட்டும், அதாவது "சக்" என்று சட்டென ஒலித்து நிற்கும். காகிதத்தில் பார்த்தால் இவ்வளவுதான். ராக் ட்ரம்மருக்கு இதில் எல்லாமே தலைகீழ்: அவர் கிக்கையும் ஸ்நேரையும் மாற்றி மாற்றி அடித்துப் பழகியவர், இங்கே இரண்டும் சேர்ந்து விழுகின்றன. போதாததற்கு, அவர் நம்பியிருக்கும் இடம் காலி.

அதனால் ஒன் டிராப்பில் ஆரம்பிக்காதீர்கள். ஸ்டெப்பர்ஸ் என்று ரெகேயிலேயே இன்னொரு தாளம் இருக்கிறது. அதில் 1-லும் 3-லும் விடாமல் கிக் விழுந்துகொண்டே இருக்கும். மெதுவாக எண்ணுகிறவர்களுக்கு அது ஒவ்வொரு அடியிலும் கிக். முதல் அடி உங்கள் அண்ணன் காலடியிலேயே இருப்பதால் அவருக்கு நிம்மதி. அதன் மேல் நீங்களும் பேஸும் கீபோர்டும் உங்கள் இடங்களில் உட்காரப் பழகுங்கள். இரண்டே கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) போதும். பாட்டு வேண்டாம், பல்லவி சரணம் எதுவும் வேண்டாம். அந்த இரண்டு கார்டையே பத்து நிமிடம் நிறுத்தாமல் சுற்றிச் சுற்றி வாசியுங்கள். முதலில் சலிப்பாக இருக்கும், அதைத் தாண்டிய பிறகு உடம்பு தளரும். எல்லோரும் தளர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் அண்ணனிடம், 3-இல் ஸ்நேர் விளிம்பைச் சேர்த்துக்கொண்டு 1-இல் விழும் கிக்கை மட்டும் எடுத்துவிடச் சொல்லுங்கள். வேறு எதையும் மாற்ற வேண்டாம். இப்போது வருவதுதான் ஒன் டிராப். அந்த இடத்தில் கிக் இல்லாவிட்டாலும் கிட்டார் வெட்டும் பேஸும் அதைச் சுட்டிக் காட்டிக்கொண்டிருப்பதை அவர் காதே கண்டுபிடிக்கும். கால் மறுபடியும் பழைய இடத்துக்குப் போனால் போகட்டும், ஸ்டெப்பர்ஸுக்குத் திரும்பிவிட்டுப் பிறகு எடுக்கலாம். நிறுத்தாமல் இப்படிப் போய் வந்துகொண்டிருப்பதே பயிற்சி.

கைக்கு முன்னால் வாயில் வரட்டும். மிருதங்கம் கற்றுக்கொள்பவர்கள் சொற்கட்டை வாயால் சொல்லிவிட்டுத்தானே கையில் எடுக்கிறார்கள், அந்த மாதிரி. ஒருவர் பேஸ் வரியைப் பாடட்டும், ஒருவர் "சக்... சக்" என்று கிட்டார் வெட்டைச் சொல்லட்டும், ட்ரம்மர் தொடையில் தட்டட்டும். அப்புறம் வேடம் மாறுங்கள். பேஸ் வாசிப்பவர் கிட்டாரின் வெட்டை வாயால் சொல்லிப் பார்த்த பிறகு அந்த இடத்தில் நோட்டைத் திணிக்கக் கூசுவார். நீங்கள் எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் இது வராது.

பாட்டுகளின் லிங்கை அனுப்பி "கேட்டுட்டு வாங்க" என்று சொல்லியிருப்பீர்கள். கேட்டிருப்பார்கள்தான், ஆனால் மெட்டையும் குரலையும் கேட்டிருப்பார்கள். ஒத்திகை நேரத்தில் கொஞ்சம் எடுத்து ஒரே ஒரு பாட்டை உட்கார்ந்து சேர்ந்து கேளுங்கள். ஒரு தடவை ஹைஹாட்டை மட்டும், ஒரு தடவை பேஸை மட்டும், ஒரு தடவை கீபோர்டை மட்டும். பேஸ் எங்கே பேசாமல் இருக்கிறது என்று கேட்கச் சொல்லுங்கள். போன் ஸ்பீக்கரில் வேண்டாம், அதில் பேஸே கேட்காது. பேஸ் கேட்காத ரெகே பாதி ரெகே.

பேஸ் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் நண்பர் இடத்தை நிரப்புவது இயல்பு, ஏனென்றால் ராக்கில் பேஸ் பல நேரம் கிக்கோடு ஒட்டி எட்டாவது நோட்டுகளை, அதாவது ஓர் அடிக்கு இரண்டாக, ஓட்டிக்கொண்டிருக்கும். ரெகேயில் பேஸுக்கு என்று ஒரு மெட்டு இருக்கும். ஒரு வாக்கியம் மாதிரி ஆரம்பித்து, ஓர் இடத்தில் முடிந்து, மூச்சு விடும். பல வரிகள் 1-இலேயே தொடங்காது. "குறைச்சு வாசி" என்று அவரிடம் சொன்னால் தண்டனை மாதிரி இருக்கும். "நாலு நோட்டுல ஒரு மெட்டு போடு, நாங்க அதையே முணுமுணுத்துக்கிட்டு வீட்டுக்குப் போகணும்" என்று கேளுங்கள். ட்ரெபிளை (கூர்மையான மேல் ஒலியை) நன்றாகக் குறைத்து, கம்பிகள் கீழே முடியும் பிரிட்ஜ் பக்கத்திலிருந்து கையை நகர்த்தி கழுத்துப் பக்கம் விரல் சதையால் மீட்டச் சொல்லுங்கள். ஒலி தடிமனாகும்போது அதிக நோட்டு வாசிக்கும் ஆசை தானாகக் குறையும், இரண்டு நோட்டே அறையை நிரப்பிவிடும். நோட்டு எங்கே முடிகிறது என்பதையும் அவர் கவனிக்க வேண்டும். அண்ணனின் 3 விழுகிற இடத்தில் நீண்ட நோட்டை வெட்டுகிறாரா, அதைத் தாண்டி இழுக்கிறாரா என்பதில் க்ரூவே, அதாவது தாளத்தின் ஓட்டமே, மாறிவிடும். இந்த இருவரையும் மட்டும் தனியாக ஒரு மணி நேரம் வாசிக்க விடுங்கள். நீங்கள் ஓரமாக உட்கார்ந்து 2-லும் 4-லும் கை தட்டினால் போதும்.

இனி உங்கள் கையைப் பாருங்கள். மெதுவாக்கின ராக் மாதிரி இருப்பதற்கு கிட்டாரும் காரணமாக இருக்கலாம். ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனை அணைத்தீர்களா? ஆறு கம்பியும் சேர்ந்து ஒலித்தால் கீழ்க்கம்பிகள் பேஸின் இடத்தில் போய் மோதும். மேல் மூன்று கம்பி போதும், மிஞ்சினால் நான்கு. வலது கை வெட்டிய உடனே இடது கை விரல்களைத் தளர்த்துங்கள். கம்பியை விட்டுக் கையை எடுக்காமல், அழுத்தத்தை மட்டும் விடுங்கள். கார்ட் "சக்" என்று பிறந்த இடத்திலேயே முடிய வேண்டும். தொடக்கத்தைவிட அந்த முடிவுக்குத்தான் அதிகப் பயிற்சி தேவைப்படும். உங்கள் கார்ட் நீண்டு ஒலித்தால் ட்ரம்மருக்கும் பேஸுக்கும் காலி இடமே கேட்காது, கேட்காத இடத்தை அவர்கள் எப்படி விட்டுவைப்பார்கள்?

கீபோர்டில் ஆர்கன் ஒலி வைத்து, உங்கள் வெட்டோடு வலது கை, அதற்கு ஒரு பொடி முன்னும் பின்னும் இடது கை. பபிள் என்பார்கள். சத்தம் குறைவாக இருக்கட்டும். பாடும்போது இது சிரமம், அதனால் முதலில் பாடாமல் இதை மட்டும் பழகட்டும். பாட வரும்போது ஜமைக்காக்காரர் மாதிரி உச்சரிக்க முயல வேண்டாம், தன் குரலிலேயே பாடட்டும்.

கொஞ்சம் வரலாறும் அவர்களுக்குச் சொல்லுங்கள், கைக்கே அது உதவும். 1960-களின் தொடக்கத்தில் ஜமைக்காவில் ஸ்கா என்று வேகமாக ஓடிக்கொண்டிருந்த இசை, அந்தப் பத்தாண்டின் நடுவில் ராக்ஸ்டெடியாக வேகம் குறைந்தது. வேகம் குறைந்ததும் நோட்டுகளுக்கு நடுவில் இடம் பிறந்தது, அந்த இடத்தில் பேஸ் முன்னால் வந்தது. 1968 வாக்கில் அது ரெகே ஆனது. கடற்கரையில் படுத்துக்கொண்டு கேட்கிற ஜாலியான இசை என்று நினைத்து வாசித்தால் கை அலட்சியமாகத்தான் விழும். அந்த நாட்டின் ஏழைகள் வாழ்ந்த பகுதிகளில் வளர்ந்து, ரஸ்தஃபாரி என்ற ஜமைக்கா சமயத்தவரின் வழிபாட்டு மேளத்தையும் ஒடுக்கப்பட்டவர்களின் கோபத்தையும் ஏற்றுக்கொண்ட இசை இது. 2018-இல் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. தாளத்தில் ஓய்வு தெரியலாம், ஆனால் ஒவ்வொரு அடியும் உறுதியாக விழும். இது தெரிந்தவர் 3-ஐ அடிப்பதே வேறு மாதிரி இருக்கும்.

நிறுத்தித் திருத்தும் பழக்கத்தை மட்டும் அடியோடு விட்டுவிடுங்கள். போனில் பதிவு செய்து, ஒத்திகை முடிவில் எல்லோரும் சேர்ந்து கேளுங்கள். நீங்கள் முதலில் வாய் திறக்காதீர்கள். பெரும்பாலும் தப்பைச் செய்தவரே "நான் அங்க நிரப்பிட்டேன்ல?" என்பார். அவரே சொல்லும்போது யாருக்கும் மனவருத்தம் இல்லை. உங்கள் வெட்டு நீளமாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் உடனே ஒப்புக்கொண்டு மாற்றிக் காட்டுங்கள். ஒத்திகை முழுவதையும் ரெகேக்கே கொடுத்துவிடவும் வேண்டாம். முதல் அரை மணி நேரம் இது, மீதி நேரம் அவர்கள் ஆசையாக வாசிக்கிற ராக் என்று பிரித்துக்கொண்டால் புதியதைக் கற்கும் களைப்பு யாரையும் எரிச்சல்படுத்தாது.

சில மாதம் ஆன பிறகும் அண்ணனுக்கு ஒன் டிராப் ஒத்துவரவில்லை என்றால் அவரை வற்புறுத்தாதீர்கள். அவருக்கு ஸ்டெப்பர்ஸ் வந்திருக்கும், அதுவும் முழு ரெகேதான். அதில் அமைந்த இரண்டு பாட்டை எடுத்து அவர் வசதிப்படி மேடையில் வாசியுங்கள். எதை, எப்போது அடுத்து முயலலாம் என்பதை அவரே சொல்லட்டும்.