கருவைச் சோதிப்பதா? கூட்டிக் கழித்துப் பார்ப்போம்

கல்லூரியில் அறவியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். மதுரையில் ஒரு மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவில் சில ஆண்டுகள் வெளியாளாக உட்கார்ந்திருக்கிறேன், மருத்துவன் அல்லன். ஒரு செயலால் யாருக்கு எவ்வளவு இன்பம், எவ்வளவு துன்பம் என்று எண்ணிப் பார்த்து முடிவெடுக்கச் சொல்வது பயன்முதல்வாதம். கருவின் மரபணுவைச் சோதிக்கும் விஷயத்தில் அது என்ன சொல்லும் என்று வந்த கேள்விகளில் சில இங்கே.

மேலூர் ஆசிரியை: எனக்கும் அத்தை மகனான என் கணவருக்கும் தலசீமியா கூறு இருக்கிறது. மூத்த மகன் ரத்தம் ஏற்றிக்கொண்டு வாழ்கிறான். அடுத்த குழந்தைக்குக் கருவிலேயே சோதிக்கலாம் என்கிறார்கள். சரியா?

சரி என்றே நினைக்கிறேன். தலசீமியா, ரத்தத்தில் ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை நோய். கூறு இருப்பவருக்கு அந்தப் பழுதான மரபணு ஒரு படி மட்டும் இருக்கும்; இரண்டு படியும் சேர்ந்த குழந்தைக்குத்தான் கடும் நோய். உங்கள் இருவருக்கும் உருவாகும் ஒவ்வொரு கருவும் நோயோடு அமைய நான்கில் ஒரு வாய்ப்பு. உடலுக்கு வெளியே ஆய்வகத்தில் உருவாக்கும் கருக்களில் நான்கு தேறினால், நான்கும் நோயுள்ளவையாக இருக்க 256-இல் ஒரு வாய்ப்புதான். ஐந்தாம் அல்லது ஆறாம் நாளில், பின்னர் நஞ்சுக்கொடியாகும் வெளி அடுக்கிலிருந்து சில செல்களை எடுத்துச் சோதிப்பார்கள்.

தராசின் மறு தட்டில் இருப்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ரத்தம் ஏற்றும் அறையில் ஏழு வயதுப் பையன் ஒருவனைப் பார்த்தேன். செவிலியர் ஊசியைப் பிரிக்கும்போதே, “இந்த நரம்பு வேண்டாம் அக்கா, போன தடவை வீங்கிவிட்டது” என்று பக்கத்து நரம்பைத் தொட்டுக் காட்டினான். அம்மா தூக்குவாளியைத் திறந்து இட்லியைப் பிட்டு வைக்க, மறு கையால் தின்றான். மூன்று வாரத்துக்கு ஒரு முறை இதுதான். போதாக்குறைக்கு, ரத்தத்தோடு சேரும் இரும்பை வெளியேற்ற மருந்து.

ஆனால் குடும்பத்தார் கணக்குப் போடும்போது ஒருவரை விட்டுவிடுகிறார்கள்: உங்களை. நாள்தோறும் ஹார்மோன் ஊசி, முட்டை எடுப்பது, அத்தனைக்கும் பிறகு கரு தங்காமல் போகும் ஏமாற்றம். இயல்பாகக் கருத்தரித்து, பதினோராம் வாரத்தை ஒட்டி நஞ்சுக்கொடித் திசுவைச் சோதிக்கும் வழியும் உண்டு. நோய் இருந்தால் கலைப்பதா என்ற கேள்வி அப்போது உங்கள் வயிற்றில் வந்து நிற்கும். இரண்டில் எது தாங்கக்கூடியது என்பதை மாமியார் சொல்ல முடியாது. நானும் சொல்ல முடியாது.

தல்லாகுளம், மூன்று சக்கர வண்டியில் செல்லும் வாசகர்: என்னைப் போன்றவர்கள் பிறக்காமல் இருப்பதே நல்லது என்றுதானே இந்த வாதம் சொல்கிறது? எனக்குக் கால் தொல்லையைவிட, சான்றிதழ் வாங்கப் போகும் இடத்தின் ஒன்பது படிகள்தான் தொல்லை.

உங்கள் ஒன்பது படிகளுக்கு எந்தத் தத்துவ நூலிலும் நேரான பதில் இல்லை. பிரிட்டிஷ் தத்துவவாதி டெரிக் பார்ஃபிட் 1984-இல் கூர்மையாக ஒன்றைக் காட்டினார்: வேறொரு கருவைத் தேர்ந்தெடுத்தால் அதே குழந்தை நலமாகப் பிறப்பதில்லை, வேறொரு ஆள் பிறக்கிறார். ஆகவே, இது யாரையும் குணப்படுத்தும் வேலை அன்று. மேலூர் ஆசிரியையின் மூத்த மகன் ஏற்கெனவே பிறந்து வாழ்கிறான். அவனுடைய இன்பமும் துன்பமும் மற்ற எவருடையதற்கும் ஒரு குன்றிமணி குறைவில்லை. நீங்கள் பிடித்த பிழை உண்மையானது. ஊனமுற்றவரின் வாழ்வுக்கு மதிப்பெண் போடுகிறவர்கள் பெரும்பாலும் ஊனமில்லாதவர்கள், குறைத்தே போடுகிறார்கள். படியைச் சரிவாக்கினால் தீரும் துன்பத்தை மரபணுவின் கணக்கில் எழுதுவது பொய்க்கணக்கு.

உசிலம்பட்டி: ஆண் குழந்தை வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் விரும்பினால், எல்லோருக்கும் மகிழ்ச்சிதானே? சட்டம் ஏன் குறுக்கே வருகிறது?

உங்கள் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வருவது எனக்கு வலிக்கிறது. பெண் சிசுவுக்குக் கள்ளிப்பால் புகட்டியவர்களும் கணக்குப் பார்த்தவர்கள்தான்: நகை, சீர், செய்முறை. அதில் அந்தப் பிள்ளைக்கு மட்டும் ஓர் எண்ணும் இல்லை. 1986-இல் அது பத்திரிகையில் வெளிவந்து நாடே பேசியது; 1992-இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவந்தது. 1994-ஆம் ஆண்டுச் சட்டம் பாலினத்தைக் கண்டறிந்து சொல்வதைத் தடுத்தது. 2003 திருத்தம் கருத்தரிப்புக்கு முன்பே தேர்ந்தெடுப்பதையும் தடுத்தது. செயற்கைக் கருத்தரிப்புக்கான 2021 சட்டப்படி, ஏற்கெனவே அறியப்பட்ட மரபுவழி நோய்க்காக மட்டுமே ஆய்வகத்தில் உருவாக்கிய கருவைச் சோதிக்கலாம். நூறு வீடுகளில் தனித்தனியே மகிழ்ச்சியாக எடுத்த முடிவு, இருபத்தைந்து ஆண்டு கழித்து ஊரில் என்ன செய்யும் என்பதும் விளைவுதான் ஐயா.

திருநகர், கணினித் துறை: அறிவுள்ள குழந்தையைத் தேர்ந்தெடுப்பது கடமை என்று கூடச் சில தத்துவவாதிகள் சொல்கிறார்களே?

தத்துவவாதி ஜூலியன் சவுலெஸ்கு 2001-இல் ஏறக்குறைய அப்படித்தான் எழுதினார். நம் சட்டம் இடம் தரவில்லை. தந்தாலும், கருவின் பல மரபணுக்களைக் கூட்டி அறிவைக் கணிக்கப் போடும் மதிப்பெண்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வழியினரின் தரவுகளிலிருந்து வந்தவை. அஞ்சு கருக்களுக்குள் நுழைவுத்தேர்வு நடத்த வேண்டாம்.

சிம்மக்கல், கடை வைத்திருப்பவர்: இந்தச் செலவில் எத்தனை பேருக்குக் கண் அறுவை செய்யலாம்?

1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனை தொடங்கிய ஊரில் இப்படிக் கேட்காவிட்டால்தான் வியப்பு. நிறையப் பேருக்குச் செய்யலாம். கறாரான பயன்முதல்வாதி உங்கள் பக்கம்தான் நிற்பார். அதே மனிதர் உங்கள் மகள் கல்யாணச் செலவையும் கேட்பார். பதில் தயாராக இருக்கட்டும்.

சோழவந்தான், விவசாயி: அக்கா மகளை எனக்குப் பேசுகிறார்கள். இப்போதே கருப் பரிசோதனைக்குத் திட்டமிட வேண்டுமா?

கரு இருக்கட்டும், முதலில் ரத்தம். தாய்மாமனும் மருமகளும் மரபணுவில் சுமார் கால் பங்கைப் பகிர்பவர்கள். அத்தை மகன், மாமன் மகள் என்றால் எட்டில் ஒன்று. மறைந்திருக்கும் கூறு இரண்டு பக்கமும் சேர்ந்துவிடும் வாய்ப்பு அதனால்தான் கூடுகிறது. ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் ஒரு ரத்தச் சோதனை, தலசீமியா கூறு உண்டா என்று பெரும்பாலும் சொல்லிவிடும். செலவும் வலியும் கருப் பரிசோதனையின் பக்கத்தில் கூட வராது. வீட்டில் வேறு நோய் இருந்தால் அதற்குத் தனியாக மரபணு ஆலோசனை வேண்டும்.

சோதனைக்குப் பெண்ணை முதலில் அனுப்பாதீர்கள். அவளுக்குக் கூறு இருப்பதாக வந்தால் செய்தி அன்று மாலையே தெருவுக்குப் போய்விடும். நாளை வேறிடத்தில் பேசினாலும் அது கூடவே வரும். இருவருக்கும் இருந்தால்தான் குழந்தைக்குக் கடும் நோய் வரும். ஆகவே நீங்கள் போய்க் கையை நீட்டுங்கள். உங்களுக்கு இல்லை என்று மருத்துவர் உறுதி செய்துவிட்டால், இந்த நோய்க்காக அவளைச் சோதிக்க வேண்டிய தேவையே இல்லை.