அண்ணாச்சி பதில்கள்

கேள்வி: அண்ணாச்சி, சுகாசினி முதல்ல கேமரா படிச்சவங்கன்னு சொல்லுதாவளே, நெசமா? எம்மவளும் கேமராதான் படிப்பேன்னு நிக்கா, வீட்ல பொம்பளப்பிள்ளைக்கு எதுக்குன்னு சத்தம் போடுதாவ. (வாசகி, அம்பாசமுத்திரம்)

பதில்: நெசந்தான் தங்கச்சி. பரமக்குடியில 1961ல பொறந்து, சாருஹாசன் மவ, கமலுக்கு அண்ணன் மவ, ஆனா நடிக்கணும்னு வரல, சென்னை ஃபிலிம் இன்ஸ்டிடியூட்ல ஒளிப்பதிவு படிச்சிட்டு கேமராமேன் அசோக்குமார்கிட்ட அசிஸ்டெண்டா இருந்தாவ, அங்க பாத்துதான் டைரக்டர் மகேந்திரன் நடிக்கக் கூப்பிட்டாரு. அப்படி வந்ததுதான் 1980ல ‘நெஞ்சத்தைக் கிள்ளாதே’. விடியக்காலப் பனியில ஜாக்கிங் ஓடுவாவளே, மேக்கப்பே இல்லாத மாதிரி ஒரு மொகம், நம்ம தெருப்பிள்ள ஓடுத மாதிரியே இருக்கும், எனக்கு இன்னும் கண்ணுக்குள்ள நிக்கி. அந்தப் படத்துக்கு அசோக்குமாருக்கு தேசிய விருது கெடச்சுது. இவியளுக்கு 1985 ‘சிந்து பைரவி’க்கு. கச்சேரி நடுவுல எந்திரிச்சு நின்னு, தமிழ்ல பாடுங்கன்னு பாகவதர்கிட்டயே கேப்பாவ பாருங்க, கொரல ஒசத்தாம, கண்ணை மட்டும் தாழ்த்தாம! அந்த ஒரு சீனுக்கே குடுக்கலாம்.

உங்க மவள படிக்க விடுங்க தங்கச்சி. வீட்ல பேசணும்னா நானே அம்பாசமுத்திரத்துக்கு பஸ் ஏறி வாரேன்.