ஷட்டர் கொதிக்கிறது, எத்தனை இன்ச் போடலாம்?

பாளையங்கோட்டை வாசகர்: அண்ணாச்சி, எங்கள் கார் ஷெட் மேற்குப் பார்த்தது. அதை ஒட்டித்தான் மகள் படிக்கிற அறை. சாயங்காலம் உட்கார முடியவில்லை. ரோலிங் ஷட்டரை எடுத்துவிட்டு, பலகை பலகையாக மேலே ஏறும் கதவு போடப்போகிறோம். ஆர் 8, ஆர் 16 என்று இரண்டு ரகம் சொல்கிறார்கள். 16 வாங்கலாமா?

8 போதும். ஆர் என்பது வெப்பத்தை எவ்வளவு தடுக்கும் என்பதற்கான எண். வெறும் தகட்டுக் கதவு, அதன் இருபுறமும் ஒட்டி நிற்கும் காற்றையும் சேர்த்தே ஏறத்தாழ 1தான். அதில் 100 பங்கு வெப்பம் உள்ளே வருகிறதென்றால், 8 போட்டால் 12 பங்கு வரும். 16 போட்டால் 6. அதாவது, முதல் எட்டு 88 பங்கைத் தடுத்துவிடுகிறது. அடுத்த எட்டுக்குக் கொடுக்கிற பணத்தில் கிடைப்பது வெறும் 6 பங்கு. விற்பவர் சொல்லும் எண்ணும் பெரும்பாலும் பலகையின் நடுப்பகுதிக்கு உரியது. ஓரத்து இரும்பு வழியே வெப்பம் ஏறத்தான் செய்யும்.

ஆனால் ஆர்டர் கொடுக்கும் முன் ஒன்று செய்யுங்கள். மதியம் 3 மணிக்கு ஷட்டரின் உள்பக்கம் கை வையுங்கள். ராத்திரி 8 மணிக்கு ஏணி போட்டு ஏறி, ஷெட்டின் கூரையில் கை வையுங்கள். ஷட்டர் ஆறியிருக்கும். கான்கிரீட் இன்னும் சுட்டால் அறையைக் கொதிக்க வைப்பது மொட்டைமாடிதான். முதலில் அங்கே வெள்ளை அடியுங்கள். பெருமாள்புரத்தில் ஒரு வீட்டில் இதைப் பார்க்காமல் நானே விலை கூடிய கதவைப் போட்டுக் கொடுத்தேன். மாடிக்கு வெள்ளை அடித்த பிறகுதான் அந்த வீட்டு அம்மாவுக்கு நிம்மதி வந்தது. இன்றும் அது எனக்கு மனக்குறை.

இன்னொன்று, ஓடி வந்த காரின் எஞ்சின் சூடும் ஷெட்டுக்குள்தான் இறங்கும். கதவை இறுக்க மூடினால் அது போக வழி வேண்டும். கூரையை ஒட்டி ஒரு வெண்டிலேட்டர் அவசியம்.

அம்பாசமுத்திரம் வாசகர்: இருக்கிற ரோலிங் ஷட்டரிலேயே தெர்மோகோல் ஒட்டிக்கொள்ளலாமா?

வேண்டாம். பட்டை பட்டையாகச் சுருண்டு ஏறும் ஷட்டர் அது. நாலு நாள் ஏற்றி இறக்கினால் தெர்மோகோல் உதிர்ந்து பெட்டிக்குள் அடைத்துக்கொள்ளும். தீயும் சட்டென்று பிடிக்கும். உங்கள் ஷட்டர் கரும்பச்சை என்று எழுதியிருக்கிறீர்கள். வெளிப்பக்கம் வெள்ளை பெயிண்ட் அடியுங்கள். முன்னால் நாலடி தள்ளிக் கால் நட்டு, தென்னங்கிடுகுத் தட்டியை மேற்கு வெயிலுக்கு மறைப்பாகக் கட்டுங்கள். வெயில் தகட்டிலேயே படாவிட்டால் பாதி வேலை முடிந்தது.

வள்ளியூர் வாசகர்: மேலே ஏறும் கதவுக்கு உள்பக்கம் ஷீட் அடித்தோம். இப்போது பாதியில் நிற்கிறது, மோட்டார் முனகுகிறது.

உடனே மோட்டாரை நிறுத்துங்கள். கதவைத் தூக்குவது மோட்டார் அல்ல, ஸ்பிரிங். கதவின் பழைய எடைக்கு முறுக்கி வைத்த ஸ்பிரிங் அது. எடை கூடினால் அதை மாற்றியோ முறுக்கியோ தர வேண்டும். நீங்களாகத் தொடவே வேண்டாம். முறுக்கிய ஸ்பிரிங் விடுபட்டால் கையை முறித்துவிடும். வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். சரியாக வைத்த கதவு, மோட்டாரைக் கழற்றிவிட்டுக் கையால் இடுப்பளவு தூக்கி விட்டால் அங்கேயே நிற்க வேண்டும்.

தென்காசி வாசகர்: கண்ணாடிக் கம்பளி வைக்கலாமா?

சாரல் காலத்தில் அது நனைந்தால் தடுக்கும் திறன் போய்விடும், பின்னாலிருக்கும் தகடும் துருப்பிடிக்கும். உங்கள் ஊருக்கு இரண்டு தகட்டுக்கு நடுவே பி.யூ. ஃபோம் (பாலியூரித்தேன் நுரை) நிரப்பிய பலகைதான் சரி.

திருநெல்வேலி டவுன் வாசகர்: மருந்து வைக்கும் குடோன். 25 டிகிரிக்கு மேல் போகக்கூடாது, ஏ.சி. இரவும் பகலும் ஓடுகிறது. எனக்கும் ஆர் 8 போதுமா?

உங்களுக்குக் கூடுதலாகப் போடுங்கள். நாள் முழுக்க ஏ.சி. ஓடும் இடத்தில் அந்த 6 பங்கும் மாதாமாதம் கரண்ட் பில்லில் வரும். ஒரு இன்ச் தெர்மோகோல் ஏறத்தாழ 4, அதே கனம் பி.யூ. ஃபோம் ஏறத்தாழ 6 தரும். ஆகவே இரண்டு இன்ச் ஃபோம் பலகை கேளுங்கள், 12 அளவில் வரும். அதோடு நாலு பக்கமும் ரப்பர். ராத்திரி குடோனுக்குள் எல்லா விளக்கையும் போட்டு, கதவை மூடிவிட்டுத் தெருவில் நின்று பாருங்கள். அடியில் வெளிச்சக் கோடு தெரிந்தால் தரை சமமாக இல்லை. புதுக் கதவு வருவதற்கு முன்பே கொத்தனாரைக் கூப்பிட்டு அந்த இடத்தைப் பூசிவிடுங்கள்.