மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னால் கொழுப்பு மாத்திரையைத் தொடங்குவதா?

கேள்வி: என் கணவருக்கு வயது 54. மொத்தக் கொழுப்பு 6.1, கெட்ட கொழுப்பு 3.9, நல்ல கொழுப்பு 1.2 (எல்லாம் லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில்). ரத்த அழுத்தம் 132. இனிப்பு நீர் இல்லை, சிகரெட் இல்லை. அரசாங்க கிளினிக்கில் மூன்று மாதம் பார்க்கலாம் என்றார்கள். தனியார் டாக்டர் இன்றே மாத்திரை போடச் சொல்கிறார். மகன் மாரடைப்பு ஆபத்தைச் சொல்லும் அமெரிக்கக் கணிப்பானில் போட்டுப் பார்த்து, 7 சதவீதம்தான், தேவையில்லை என்கிறான். நாத்தனார் அங்காக் மாத்திரை ஒரு பாட்டில் கொண்டுவந்து வைத்திருக்கிறார். மாமனார் 51 வயதில் மாரடைப்பில் போனவர். யார் சொல்வதைக் கேட்பது? (பட்டர்வொர்த் வாசகி)

பதில்: சகோதரி, முதலில் சொல்லியிருக்க வேண்டியதைக் கடைசியில் சொல்லியிருக்கிறீர்கள். மாமனார் விஷயத்துக்கு வருகிறேன்.

மகன் சொன்ன 7 சரிதான். நம் மலேசிய சுகாதார அமைச்சின் வழிகாட்டி நம்பியிருக்கும் ஃபிரேமிங்ஹம் என்ற இன்னொரு கணக்கில் அதே எண்களைப் போட்டால் 11 வரும். இரண்டுமே அடுத்த 10 ஆண்டு ஆபத்தைத்தான் சொல்கின்றன. ஆனால் அமெரிக்கக் கணக்கு மாரடைப்பையும் பக்கவாதத்தையும் மட்டும் எண்ணுகிறது. ஃபிரேமிங்ஹம் இதயச் செயலிழப்பையும் கால் ரத்தக்குழாய் அடைப்பையும் சேர்த்து எண்ணுகிறது. அதனால் 7-ஐயும் 11-ஐயும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது.

எத்தனை சதவீதத்துக்கு மேல் மாத்திரை என்ற கோடு இருக்கிறதே, அது மனிதர்கள் உட்கார்ந்து பேசிப் போட்டது. 2013-இல் அமெரிக்காவில் அதை 7.5 சதவீதத்துக்கு இறக்கினார்கள். அந்தப் புதிய விதிகளால் சுமார் 1 கோடியே 28 லட்சம் பேர் கூடுதலாக மாத்திரைக்குத் தகுதியானார்கள். பிரிட்டன் 2014-இல் 20-இலிருந்து 10-க்கு இறக்கியது. யாருடைய ரத்தமும் மாறவில்லை. உங்கள் மகனே இதே எண்களை, வயதை மட்டும் 55 என்று மாற்றிப் போட்டுப் பார்க்கட்டும், 7.5-ஐத் தாண்டிவிடும். ஒரு பிறந்தநாள் கேக்குக்கு அப்படி என்ன சக்தி!

11 சதவீதம் என்பது இங்கே நடுத்தர ஆபத்து. அதில் உள்ளவருக்கு முதலில் சாப்பாடு, நடை, அப்புறம் மறுபரிசோதனை என்று சொல்வது தப்பில்லை. ஆனால் இந்தக் கணிப்பான் எதிலும் அப்பாவின் மாரடைப்புக்கு இடம் கிடையாது. 55 வயதுக்குள் அப்பாவுக்கு வந்திருந்தால் டாக்டர் அதைத் தனியாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்திய வம்சாவளி என்பதையும் சேர்க்க வேண்டும், நமக்கு இதய நோய் சீக்கிரமே வருகிறது. காலை 7 மணிக்கு நம்பர் எடுத்து 11 மணிக்கு உள்ளே போனால், டாக்டருக்குக் கிடைப்பது சில நிமிடம். அதில் பாதி கணினித் திரைக்கு. அவர் கேட்டிருக்க மாட்டார். நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஒரே ஒரு விதிவிலக்கை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கெட்ட கொழுப்பு 4.9-ஐத் தொட்டுவிட்டால் கணிப்பானை மூடி வையுங்கள், அங்கே சதவீதத்துக்கு வேலையில்லை. அது பரம்பரைக் கொழுப்பாக இருக்கலாம். என்னிடம் வந்த ஓர் இளைஞர், குதிகாலுக்கு மேலே தசைநாண் தடித்திருந்ததைச் செருப்பு உரசியது என்றே பல வருடம் நினைத்திருந்தார். கொழுப்பு அங்கே படிந்திருந்தது. கண் இமை ஓரத்தில் மஞ்சள் திட்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படி ஒருவரிடம் கண்டுபிடித்தால் அவரோடு நிறுத்தக்கூடாது, பிள்ளைகளுக்கும் ரத்தம் பார்க்க வேண்டும். உங்கள் கணவருக்கு 3.9 என்பதால் இந்தக் கவலை குறைவு. ஆனால் மாமனாரின் எண் யாருக்கும் தெரியாதே?

இனி அந்த பாட்டில். அங்காக் என்பது சிவப்புப் பூஞ்சை அரிசி. அதிலுள்ள மொனாகோலின் கே என்ற பொருளும் லோவாஸ்டேட்டின் என்ற மருந்தும் வேதியியலில் ஒன்றேதான். டாக்டர்கள் கொழுப்புக்குக் கொடுக்கும் ஸ்டேட்டின் வகை மாத்திரைகளில் அதுவும் ஒன்று. "கெமிக்கல் வேண்டாம், இயற்கை" என்று ஏஜண்டு சொல்லி விற்பதும் ஸ்டேட்டின்தான், என்ன, அளவு தெரியாத ஸ்டேட்டின். சில பாட்டிலில் நிறைய இருக்கும், சிலதில் ஒன்றுமே இருக்காது. டாக்டர் கொடுப்பதோடு சேர்த்து விழுங்கினால் தசை வலி வரலாம். அதைவிட மோசம், பரிசோதனைக்கு முன் இதைச் சாப்பிட்டால் எண் இறங்கிக் காட்டும், டாக்டரும் ஏமாந்து அனுப்பிவிடுவார். பாட்டிலில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் அரசாங்க மருந்துப் பதிவு எண் இருக்கிறதா? இருந்தாலும் அது மருந்துக்கு மாற்று ஆகாது. இங்கே அரசாங்க கிளினிக்கில் குடிமக்கள் 1 ரிங்கிட் கட்டினால் மாத்திரையும் கிடைக்கிறது. அதை விட்டு ஏஜண்டின் கமிஷனுக்கு நாம் ஏன் படியளக்க வேண்டும்? நாத்தனாரிடம் சண்டை வேண்டாம், டாக்டர் தடுத்துவிட்டார் என்று என் மேல் பழி போடுங்கள்.

என் முடிவு: மாமனார் கதை இருப்பதால் நான் மாத்திரைப் பக்கம் சாய்கிறேன். கெட்ட கொழுப்பு 1 இறங்கினால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன. 1.5 இறங்கினால், இவரைப் போன்ற 100 பேரில் 11 பேருக்கு வருவது 8 பேர் அளவுக்குக் குறையும். கணவருக்கு அந்த மூன்று பேர் பெரிதாகத் தெரிகிறதா, தினமும் ஒரு மாத்திரை பெரிதாகத் தெரிகிறதா என்று கேளுங்கள். தயங்கினால் மூன்று மாதம் நடக்கட்டும், மாமாக் கடை ரொட்டி சானாயைக் குறைக்கட்டும், அங்காக்கைத் தொடாமல் மறுபடி ரத்தம் கொடுக்கட்டும். அப்போதும் 3.9 பக்கமே நின்றால் தொடங்கிவிடுங்கள். ரோசுவாஸ்டேட்டின் எழுதினால் 5 மில்லிகிராமில் ஆரம்பிக்கலாமா என்று கேளுங்கள், ஆசியர் உடம்பில் அது கூடுதலாகத் தங்கும். கிளினிக்குக்குப் போகும்போது அந்த பாட்டிலையும் பையில் எடுத்துப் போங்கள்.