வாசகர் கேள்வி-பதில்: 600 கிலோமீட்டருக்கு 140 மில்லிசெகண்டா?

கேள்வி: நான் விளையாடும் கேமின் சர்வர் 600 கி.மீ. தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் பிங் (சர்வருக்குத் தகவல் போய்வர ஆகும் நேரம்) எப்போதும் 140 மில்லிசெகண்ட். ஸ்பீட் டெஸ்ட்டில் 200 எம்பிபிஎஸ் வருகிறது. இன்னும் பெரிய பிளானுக்கு மாறினால் சரியாகுமா?

பதில்: ஆகாது, பணத்தை வீணாக்காதீர்கள். ஃபைபரில் ஒளி ஒரு மில்லிசெகண்டில் சுமார் 200 கி.மீ. ஓடும். 600 கி.மீ. போய்வர 6 மில்லிசெகண்ட் போதும். கேபிளின் வளைவு நெளிவு, இடையிலுள்ள ரூட்டர்கள் எல்லாம் சேர்த்து 20 வரை நியாயம்.

முதலில் வீட்டைச் சோதியுங்கள். வைஃபையை விட்டு, கேபிள் செருகி உங்கள் ரூட்டரையே பிங் செய்யுங்கள். 1, 2-க்குள் வர வேண்டும். பெரிய ஃபைல் அப்லோடு ஆகும்போது மட்டும் சர்வர் பிங் எகிறினால், மோடத்தில் பாக்கெட்டுகள் (தகவலின் சிறு துண்டுகள்) வரிசைகட்டி நிற்கின்றன. ரூட்டரில் எஸ்க்யூஎம் (அந்த வரிசை நீளாமல் பார்த்துக்கொள்ளும்) வசதி இருந்தால் அதை ஆன் செய்து, அப்லோடு வரம்பை நிஜ வேகத்தில் 90 சதவீதமாக வையுங்கள். லைன் சும்மா இருக்கும் நள்ளிரவிலும் அதே 140 என்றால் பாதையில்தான் கோளாறு.

அடுத்து, பாக்கெட் எந்தெந்த ரூட்டர் வழியாகப் போகிறது என்று காட்டும் ட்ரேசர்ட் கட்டளையை ஓட்டுங்கள் (லினக்ஸ், மேக்கில் ட்ரேஸ்ரூட்). இங்கேதான் பலரும் தவறாகப் படிக்கிறார்கள். 5-வது ஹாப்பில் (வழியிலுள்ள ஒவ்வொரு ரூட்டரும் ஒரு ஹாப்) 8, 6-வதில் 131, 7-வதில் 12 என்று வந்தால் 6-வது ரூட்டர்மேல் குற்றமில்லை. பாக்கெட்டை முன்னே தள்ளுவது அதன் ஹார்டுவேர். ட்ரேசுக்குப் பதில் சொல்வது சிபியு, அதுவும் மற்ற வேலை முடிந்த பிறகுதான். நடுவில் பதில் வராததைக் காட்டும் நட்சத்திரக் குறிகளும் பெரும்பாலும் இப்படித்தான். 6-வதில் ஏறிய 131 கடைசி ஹாப் வரை இறங்கவே இல்லையா? அப்போதுதான் அங்கே சந்தேகம். அந்த ரூட்டரின் பெயரைப் பாருங்கள். பல நேரம் விமான நிலையக் குறியீடு ஒட்டியிருக்கும். எஃப்ஆர்ஏ என்றால் ஃபிராங்ஃபர்ட், எஸ்ஐஎன் என்றால் சிங்கப்பூர்.

ஆனால் ட்ரேஸ் காட்டுவது போகும் பாதையை மட்டுமே. நேரத்தில் திரும்பும் பாதையும் அடக்கம். சுற்றுவழி அந்தப் பக்கம்கூட இருக்கலாம். சர்வர் தரப்பிலிருந்து உங்கள் ஐபி முகவரிக்கு ஒரு ட்ரேஸ் கேட்டு வாங்குங்கள்.

இப்படிச் சுற்றக் காரணம், நெட்வொர்க்குகளுக்கு இடையே பாதையைத் தேர்ந்தெடுக்கும் முறையான பிஜிபி தாமதத்தை அளப்பதே இல்லை. இணைய நிறுவனம் வைத்த முன்னுரிமையை முதலில் பார்க்கும். அது பெரும்பாலும் இணைப்புச் செலவைப் பொறுத்தது. பிறகுதான், வழியில் எத்தனை நெட்வொர்க் என்ற எண்ணிக்கை. இரண்டு நிறுவனங்கள் அருகில் எங்கும் இணையவில்லை என்றால், பக்கத்து சர்வருக்கான பாக்கெட்டும் தொலைதேசம் போய்த்தான் திரும்பும்.

கேள்வி: டிஎன்எஸ் (தளத்தின் பெயருக்கு ஐபி முகவரியைச் சொல்லும் சேவை) மாற்றினால் அல்லது விபிஎன் (வேறொரு சர்வர் வழியாக இணைக்கும் வசதி) போட்டால் பிங் குறையுமா?

பதில்: சர்வரின் ஐபி மாறாதவரை டிஎன்எஸ்ஸால் பயனில்லை. பல ஊர்களில் நகல் சர்வர் வைத்திருக்கும் சிடிஎன் தளங்களுக்கு மட்டும் உதவலாம். தொலைவிலுள்ள டிஎன்எஸ்ஸைப் பயன்படுத்தினால், உங்களுக்கு அல்ல, அதற்கு அருகிலுள்ள சர்வர் கிடைத்துவிடலாம். விபிஎன் நல்ல சோதனை: சர்வர் இருக்கும் ஊரிலேயே வெளியேறும் விபிஎன்னில் பிங் 40-க்கு இறங்கினால், பாதைதான் பிரச்சினை என்பது உறுதி.

பாதையைத் திருத்த உங்கள் இணைய நிறுவனத்தால்தான் முடியும். 'பிங் அதிகம்' என்று மட்டும் எழுதினால் மோடத்தை ரீஸ்டார்ட் செய்யச் சொல்வார்கள். இரு முனை ஐபி, நேரம், இரு திசையிலும் 200 பாக்கெட் எம்டிஆர் (பிங்கையும் ட்ரேஸையும் சேர்த்து எடுக்கும் கருவி) முடிவு, விபிஎன் பிங் ஆகியவற்றை இணைத்து, என்ஓசிக்கு (நெட்வொர்க்கை இயக்கும் பிரிவு) அனுப்பச் சொல்லுங்கள். ஐபிவி4, ஐபிவி6 (பழைய, புதிய ஐபி முறைகள்) பாதைகள் வேறுபடலாம். இரண்டையும் தனித்தனியே எடுங்கள்.