அடுத்த தெருவில் வங்கி இருந்தும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஹூஸ்டனில் வசிக்கிறேன். காசோலைக்குக் கமிஷன் பிடித்துக்கொண்டு ரொக்கம் தரும் கடை ஒன்று எங்கள் பகுதியில் உண்டு. வெள்ளிக்கிழமை மாலை அங்கே லத்தீனோ, அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளித் தொழிலாளர் வரிசை நீளும். அடுத்த தெருவிலேயே வங்கி இருக்கிறது. சோஷியல் செக்யூரிட்டி நம்பர் என்ற அரசு அடையாள எண் இல்லாதவர்களுக்குக் கணக்கு கிடையாது என்பது சட்டமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2003இல் வந்த வாடிக்கையாளர் அடையாள விதிப்படி, வெளிநாட்டவருக்கு ஐ.டி.ஐ.என். என்ற வரி எண்ணோ, பாஸ்போர்ட் எண்ணோ, புகைப்படம் உள்ள வேறு அரசு அடையாள அட்டையின் எண்ணோ போதும். மெக்சிகோ தூதரகங்கள் தரும் மத்ரிக்குலா அட்டையையும் ஏற்கலாம். ஆனால் எதை ஏற்பது என்பது அந்தந்த வங்கியின் முடிவு. அதனால் கிளம்பும் முன் கிளைக்கு போன் செய்து, எந்த அட்டையை ஏற்பார்கள் என்று கேட்டுவிட வேண்டும்.

ஆவணத்தைவிடப் பெரிய தடை பணம்தான். வங்கி டெபாசிட்டுகளுக்குக் காப்பீடு தரும் அரசு அமைப்பான எஃப்.டி.ஐ.சி. 2023இல் எடுத்த கணக்கெடுப்பில் லத்தீனோ குடும்பங்களில் 9.5 சதவீதத்துக்கு வங்கிக் கணக்கே இல்லை. வெள்ளையர்களில் இது 1.9. கணக்கில்லாதவர்கள் அதிகம் சொன்ன காரணம், குறைந்தபட்ச இருப்பு வைக்க முடியவில்லை என்பது.

கணக்கு இருந்து இழந்தவர்களும் உண்டு. இருப்பு 20 டாலர். 30 டாலருக்கு ஒரு பில் வருகிறது. வங்கி அதைக் கட்டிவிட்டு இருப்பைத் தாண்டியதற்காக 35 டாலர் ஓவர்டிராஃப்ட் கட்டணம் போட்டால், கணக்கு மைனஸ் 45. அதை அடைக்காவிட்டால் கணக்கை மூடி, செக்ஸ்சிஸ்டம்ஸ் என்ற நிறுவனத்துக்குத் தகவல் அனுப்பிவிடுவார்கள். அந்தப் பதிவு ஐந்து ஆண்டு இருக்கும். அடுத்த வங்கி அதைப் பார்த்துக் கைவிரிக்கும். 45 டாலருக்காக ஒரு குடும்பத்தை ஐந்து ஆண்டு வெளியே நிறுத்துவது அநியாயம்.

மறுக்கப்பட்டவர் முதலில் தன் செக்ஸ்சிஸ்டம்ஸ் அறிக்கையைக் கேட்டு வாங்க வேண்டும், இலவசம்தான். தவறிருந்தால் எழுத்தில் ஆட்சேபிக்கலாம். கடன் உண்மையென்றால் அடைத்துவிட்டு, 'செலுத்தப்பட்டது' என்று பதியச் சொல்ல வேண்டும். பிறகு, குறைந்த செலவிலான கணக்குகளுக்குத் தரப்படும் 'பேங்க் ஆன்' சான்று பெற்ற கணக்கைப் பெயர் சொல்லியே கேளுங்கள். ஓவர்டிராஃப்ட் கட்டணம் கிடையாது, தொடங்க 25 டாலருக்கு மேல் கேட்கக் கூடாது.

கடையை நாடுவதிலும் நியாயம் உண்டு. அங்கே ரொக்கம் உடனே கைக்கு வரும். புதுக் கணக்கில் போட்ட காசோலையை வங்கி சில நாள் நிறுத்தி வைக்கலாம். வாடகை நாளை என்றால் யார் காத்திருப்பார்? ஆனால் வாரம் 600 டாலர் காசோலைக்கு 2 சதவீதம் என்றால் 12 டாலர், வருடத்துக்கு 624. சம்பளத்தை நேரடியாகக் கணக்கில் போடும்படி முதலாளியிடம் கேட்டால், காத்திருப்பும் கமிஷனும் சேர்ந்தே போகும்.

ரொக்கத்துடன் நடமாடும் குடியேறிகளைக் குறிவைத்துக் கொள்ளையடித்ததால்தான், 2000இல் வட கரோலினாவின் டர்ஹம் நகரில் லத்தினோ கம்யூனிட்டி கிரெடிட் யூனியன் என்ற, உறுப்பினர்களே உரிமையாளர்களான கூட்டுறவு நிதி நிறுவனம் தொடங்கப்பட்டது. உங்கள் ஊரிலும், ஸ்பானிஷ் பேசும் ஊழியர்கள் உள்ள கிரெடிட் யூனியனில் முதலில் விசாரிக்கச் சொல்லுங்கள்.